ரேடியோ இரைகிறதா? கொங்குப் பக்கத்து வீடுகளுக்கு ஏரியல் வைத்தியம்

காங்கேயத்துக்குப் பக்கத்தில் எங்கள் அமுச்சி (அம்மாவைப் பெற்ற பாட்டி) வீடு. தோட்டத்துக்குள் இருக்கிற ஓட்டு வீடு. விடிகாலையில் கட்டுத்தறிக்குப் போகும்போதே ரேடியோவும் கூடப் போகும். பால் கறந்து முடிக்கும்வரை கொடைக்கானல் எஃப்எம் நிலையமான கோடை பண்பலை பாடிக்கொண்டே இருக்க வேண்டும் அவருக்கு. பொங்கலுக்குப் போனபோது பார்த்தால், ஒரு கையால் ஏரியலைப் பிடித்தபடி திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். "நான் புடிச்சுட்டே உக்காந்திருந்தாத்தான் கண்ணு பாடுது. கையெடுத்தா இரையுது" என்றார். வந்தவர் போனவரெல்லாம் புது ரேடியோ வாங்கச் சொல்லியிருக்கிறார்கள். ரேடியோவில் ஒரு குறையும் இல்லை. ஏரியல் கம்பியின் அடியில், உள்பக்கமாக இருக்கும் சின்னத் திருகாணி களிம்பு பிடித்துக் கழன்றிருந்தது.

அந்த ஒரு வாரத்தில் அக்கம்பக்கத்துத் தோட்டங்களில் ஏழெட்டு ரேடியோக்களைப் பார்த்தேன். ஒன்றுகூடப் பெட்டிக் கோளாறு இல்லை. ஏரியல், அது இருந்த இடம், வீட்டுக்குள் எரியும் பல்பு, பழைய ஒயர் என்று எல்லாமே பெட்டிக்கு வெளியில் இருந்த கோளாறுகள்தான். அதனால் உங்கள் ரேடியோ எப்படித் தகராறு செய்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். இந்த முதல் பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

எதையும் கழற்றுவதற்கு முன்னால்

புது பேட்டரி போடுங்கள். அடாப்டரில் ஓடுகிற பெட்டியாக இருந்தாலும் இந்தச் சோதனைக்குப் பேட்டரிதான் வேண்டும். ஏரியலை முழுதாக நீட்டி, ரேடியோவைத் தூக்கிக்கொண்டு வீட்டை விட்டு இருபது முப்பது அடி தள்ளி, தலைக்கு மேல் வெறும் வானம் இருக்கிற இடத்துக்குப் போங்கள். களத்து மேடு, மொட்டை மாடி எதுவானாலும் சரி. அங்கே தெளிவாகப் பாடினால் பெட்டியும் நல்லது, உங்கள் ஊருக்கு அலையும் வருகிறது, வீடுதான் மறைக்கிறது. அங்கேயும் இரைந்தால் பக்கத்து வீட்டு ரேடியோவை வாங்கி அதே இடத்தில் வைத்துப் பாருங்கள். அதுவும் இரைந்தால் தூரமோ மலையோ காரணம். அது நன்றாகப் பாடினால் உங்கள் பெட்டியிலோ அதன் ஏரியலிலோ குறை. பத்து நிமிடத்தில் பாதி விஷயம் தெரிந்துவிடும்.

ஒரு சின்ன விளக்கம். மத்திய அலை வானொலி நிலத்தை ஒட்டிப் படர்ந்து வரும். குன்று குறுக்கே இருந்தாலும் ஓரளவு சமாளித்துவிடும். எஃப்எம் அப்படியில்லை. 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரையிலான இந்த அலை கிட்டத்தட்ட வெளிச்சம் மாதிரி நேராகப் போகும். கோபுரத்தின் உச்சியில் ஒரு விளக்கு எரிந்தால் உங்கள் ஏரியல் இருக்கும் இடத்திலிருந்து தெரியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தெரியும் என்றால் ரேடியோ நன்றாகப் பாடும். நிலத்தின் வளைவையும் சேர்த்துக் கணக்குப் போட ஒரு எளிய வழி உண்டு: கோபுர உயரத்தின் வர்க்கமூலத்தையும் ஏரியல் உயரத்தின் வர்க்கமூலத்தையும் மீட்டரில் எடுத்துக் கூட்டி, 4.12-ஆல் பெருக்கினால் எட்டும் தூரம் கிலோமீட்டரில் வரும். சமவெளியில் 100 மீட்டர் கோபுரம், 3 மீட்டர் உயரத்தில் ஏரியல் என்றால் 48 கிலோமீட்டர். ஏரியலை 10 மீட்டருக்கு ஏற்றினால் 54.

கொடைக்கானல் 100.5 நம் பக்கத்தில் இவ்வளவு தூரம் கேட்பதற்கும் இதே கணக்குதான் காரணம். மலை கடல் மட்டத்துக்கு மேல் 2,100 மீட்டர் அளவில் இருக்கிறது. நம் நிலம் 300 மீட்டர் சுமாரில். 1,800 மீட்டர் உயரத்தில் ஒரு கோபுரம் வைத்த மாதிரி. தாராபுரத்துக்கு நேர்கோட்டில் 55 கிலோமீட்டர், காங்கேயத்துக்கு 86, ஈரோட்டுக்கு 125 சுமார். எல்லாமே எட்டுகிற தூரம்தான். கோயம்புத்தூர் நிலையங்களுக்கு அந்த மலை உயரம் கிடையாது. காங்கேயத்திலிருந்து 65 கிலோமீட்டர்தான் என்றாலும் விளிம்பில் நின்றுதான் கேட்க வேண்டியிருக்கிறது.

பாட்டு கேட்கிறது, கூடவே உஸ்ஸென்ற இரைச்சல்

அதிகம் பேர் சொல்லும் புகார் இது. அலை வருகிறது, போதவில்லை. சுலபமானதிலிருந்து தொடங்கலாம்.

பெட்டியில் ஸ்டீரியோ, மோனோ என்று சுவிட்ச் இருந்தால் மோனோவுக்கு மாற்றுங்கள். ஸ்டீரியோ சுத்தமாகக் கேட்க மோனோவைவிடப் பல மடங்கு பலமான அலை வேண்டும். தூரத்து நிலையத்தை மோனோவில் கேட்டால் இரைச்சல் அப்படியே அடங்கிவிடும். ஒரே ஒரு ஸ்பீக்கர் இருக்கிற பெட்டியில் ஸ்டீரியோவால் எந்தப் பலனும் இல்லை.

அடுத்து இடம். இந்த அலையின் நீளம் சுமார் 3 மீட்டர். வீட்டுக்குள் சுவரிலும் பீரோவிலும் பட்டுத் திரும்பும் அலையும் நேராக வரும் அலையும் மோதிக்கொள்வதால், ஓரிடத்தில் பலமாகவும் அங்கிருந்து முக்கால் மீட்டர் தள்ளி ஒன்றுமே இல்லாமலும் இருக்கும். அதனால் அலமாரியை மாற்றும் முன் ரேடியோவைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு சாண், ஒரு சாணாக நகர்த்திப் பாருங்கள். எங்கள் அமுச்சி வீட்டில் அடுப்படித் திண்டில் இரைந்தது, அதே திண்டின் மறுகோடியில் கணீரென்று பாடியது. இதற்கு ஒரு காசு செலவில்லை.

கூரையையும் கவனிக்க வேண்டும். ஓடு அலையை அதிகம் தடுக்காது. தகரம் தடுக்கும். தகரக் கொட்டகைக்குள், அதிலும் நாலு பக்கமும் தகரம் அடித்த தறிக்கொட்டகைக்குள், ரேடியோ எந்த மூலையில் இருந்தாலும் திணறத்தான் செய்யும். கான்கிரீட் தளத்துக்குள் இருக்கும் கம்பியும் ஓரளவு மறைக்கும். இந்த வீடுகளில் ஏரியலை வெளியே கொண்டுபோவதைத் தவிர வேறு வழி கிடையாது.

வெளியே வைக்கும் ஏரியலை நீங்களே செய்யலாம். கடையில் கிடைப்பதைவிட மோசமாக இருக்காது. இரண்டு கைகளை விரித்த மாதிரி, நடுவில் பிரிந்த ஒரு கம்பி. டைபோல் என்பார்கள். நீளத்துக்குக் கணக்கு இதுதான்: 143-ஐ நிலையத்தின் எண்ணால் வகுங்கள், மொத்த நீளம் மீட்டரில் வரும். கோடை 100.5-க்கு 1.42 மீட்டர், அதாவது கைக்கு 71 சென்டிமீட்டர். கோவை ரெயின்போ 103-க்கு கைக்கு 69. மிர்ச்சி 98.3-க்கு 73. சூரியன் 93.5-க்கு 76. எல்லாவற்றையும் கேட்க வேண்டும் என்றால் 73 வைத்துவிடுங்கள். ஓரிரு சென்டிமீட்டர் முன்னே பின்னே ஆனால் ஒன்றும் கெட்டுப்போகாது.

நான் செய்தது இப்படி. வயரிங் கடையில் முக்கால் இஞ்ச் பிவிசி பைப் ஒன்று, ஒரு டீ ஜாயின்ட். வீட்டு வயரிங்குக்குப் போடும் 2.5 ஸ்கொயர் செம்பு ஒயரில் 73 சென்டிமீட்டர் நீளத்தில் இரண்டு துண்டு. பைப்பை 75 சென்டிமீட்டருக்கு இரண்டாக வெட்டி டீயின் இரு பக்கமும் செருகி, ஒயரை உள்ளே விட்டேன். இரண்டு ஒயர் முனைகளும் டீயின் நடுவில், ஒன்றையொன்று தொடாமல், ஒரு விரல்கடை இடைவெளியில் நிற்க வேண்டும். இறக்கும் ஒயருக்கு கேபிள் டிவிக்காரர் போடுகிற அதே ஆர்ஜி-6. அதன் நடுச் செம்பை ஒரு கைக்கும், மேலே பின்னியிருக்கும் வலையை மறு கைக்கும் சேர்க்க வேண்டும். வலை அலுமினியமாக இருப்பதால் ஈயம் ஒட்டாது. சாக்லேட் கனெக்டர் என்று விற்கும் திருகாணி இணைப்பானில் இறுக்கிவிடுங்கள். டீக்கு நேர் கீழே அதே கேபிளை ஒரு சாண் அகல வளையமாக ஐந்தாறு சுற்றுச் சுற்றி டேப் போடுங்கள். கேபிளின் வெளிப்பக்கமே ஏரியலாகி வீட்டு இரைச்சலை மேலே கொண்டுபோவதை இந்தச் சுற்று தடுக்கும். பைப்பின் இரண்டு முனைகளையும் மூடி, டீயின் மேல் சிலிகான் பூசினால் வேலை முடிந்தது.

கேபிள் நீளத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். ஆர்ஜி-6 ஒயரில் 20 மீட்டர் ஓடினால் இந்த அலையில் கால் பங்குதான் குறையும். ஏரியலை இரண்டு மடங்கு உயரத்துக்கு ஏற்றினால் வெட்டவெளியில் கிட்டத்தட்ட நான்கு மடங்கு கிடைக்கும். அதனால் கேபிளை மிச்சம் பிடிக்க ஏரியலைத் தாழ்வாக வைப்பது நட்டம்.

கீழே வந்த கேபிளை ரேடியோவில் சேர்ப்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். பின்னால் ஏரியல் துளை இருக்கிற பெட்டி என்றால் கனெக்டர் போட்டுச் செருகிவிடலாம். சின்னப் பெட்டியில் துளை இருக்காது. நடுச் செம்பில் ஒரு முதலை வாய்க் கிளிப் போட்டு, மடக்கி வைத்த ஏரியல் கம்பியைக் கடிக்க விடுங்கள். வலையைப் பேட்டரி அறையின் மைனஸ் ஸ்பிரிங்கில் தொடவிட்டால் இன்னும் தெளியும். பெரும்பாலான பெட்டிகளில் அதுதான் கிரவுண்டு இணைப்பு. அமுச்சி வீட்டில் மூங்கில் கழியைக் கூரை மேல் தூக்கி ஏறக்குறைய எட்டு மீட்டரில் இதைக் கட்டியதும், அதுவரை பேரே தெரியாத கோவை நிலையங்கள் ஒவ்வொன்றாக வந்தன.

கை வைத்தால் தெளிகிறது, எடுத்தால் இரைகிறது

அமுச்சியின் நோய். நம் உடம்பே ஒரு ஏரியல் என்பதால் கை பட்டதும் தெளிகிறது. பெட்டியின் சொந்த ஏரியல் வேலை செய்யவில்லை என்பதுதான் இதற்குப் பொருள். மல்டிமீட்டரைத் தொடர்ச்சி பார்க்கும் இடத்தில் வைத்து, ஒரு முனையை ஏரியலின் உச்சியிலும் மறுமுனையை அதன் அடியிலும் வையுங்கள். பீப் என்று கத்தாவிட்டால் கம்பி அடுக்குகளுக்கு நடுவே தொடர்பு விட்டுப்போயிருக்கிறது. அழுக்கைத் துணியால் துடைத்து, நாலைந்து முறை இழுத்து மடக்கினாலே பல நேரம் சரியாகும். அது சரியாக இருந்தால் பின்மூடியைத் திறந்து பாருங்கள். ஏரியலின் அடியில் ஒரு திருகாணி, அதன் கீழ் ஒரு வளையம், அதிலிருந்து சர்க்யூட் பலகைக்குப் போகும் மெல்லிய ஒயர். அமுச்சியின் பெட்டியில் திருகாணியைச் சுற்றிப் பச்சையாகக் களிம்பு பிடித்திருந்தது. கட்டுத்தறி ஈரமும் மாட்டுக் கோமிய வாடையும் வருடக்கணக்காகப் பட்டால் எந்தப் பித்தளையும் அப்படித்தான் ஆகும். உப்புத்தாளால் தேய்த்து, ஒரு சொட்டு எண்ணெய்கூட விடாமல் இறுக்கினேன்.

ஒயரே அறுந்திருந்தால் ஈயம் வைக்க வேண்டும். பக்கத்து ரேடியோ ரிப்பேர்க் கடையில் ஐந்து நிமிட வேலை. கம்பி முறிந்திருந்தால் அளவு பார்த்து வேறு வாங்கிப் போடலாம். முழுதாக நீட்டினால் 70, 75 சென்டிமீட்டர் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள்.

ஒரு நிலையம் அருமை, இன்னொன்று வரவே மாட்டேன் என்கிறது

வெளியே டைபோல் கட்டிய பிறகு வரும் கேள்வி இது. டைபோலுக்கு முகம் உண்டு. கம்பிக்குப் பக்கவாட்டில் வரும் அலையை நன்றாக வாங்கும். கம்பியின் முனை நீட்டிக்கொண்டிருக்கும் திசையில் காது கேட்காது. காங்கேயத்திலிருந்து கொடைக்கானல் நேர் தெற்கே, கோயம்புத்தூர் நேர் மேற்கே. கிழமேற்காகக் கட்டினால் கோடை கணீரென்று வரும், கோவை போய்விடும். தென்வடலாகக் கட்டினால் தலைகீழ். நான் முதல் நாள் கிழமேற்காகக் கட்டிவிட்டு, கோவை வரவில்லையே என்று ஒரு மணி நேரம் கனெக்டரைக் கழற்றிக் கழற்றி மாட்டினேன். பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் வந்து, "ஏனுங் தம்பி, அதைக் கொஞ்சம் கோணையாத் திருப்பிப் பாருங்களேன்" என்றார். வாயு மூலையிலிருந்து அக்னி மூலைக்குப் போகிற மாதிரி திருப்பினேன். இரண்டும் வந்தன. அப்படிக் கோணலாக வைத்தால் ஒவ்வொரு பக்கமும் பாதிக்குச் சற்றுக் குறைவாகக் கிடைக்கும். உயரத்தில் இருந்தால் அது போதும்.

வரைபடத்தில் உங்கள் ஊரையும் நிலையம் இருக்கும் ஊரையும் ஒரு கோடு போட்டு, அந்தக் கோட்டுக்குக் குறுக்காகக் கம்பியை வையுங்கள். பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் இருப்பவர்களுக்கும் கோபிப் பக்கம் இருப்பவர்களுக்கும் திசை வெவ்வேறு. இன்னொரு வழியும் உண்டு. கம்பியை நிறுத்தி, செங்குத்தாகக் கட்டினால் எல்லாத் திசையும் ஒன்றுபோல் கேட்கும். பல எஃப்எம் நிலையங்கள் காரில் போகிறவர்களுக்காக அலையைப் படுக்கையாகவும் நிற்கையாகவும் கலந்தே அனுப்புகின்றன. நிரந்தரமாகக் கட்டுவதற்கு முன் இரண்டு விதமாகவும் பிடித்துப் பார்த்துவிடுங்கள்.

ஒரே நிலையம்தான் வேண்டும், அது மிகவும் மெலிவாக இருக்கிறது என்றால் டைபோலுக்குப் பின்னால், அதாவது நிலையத்துக்கு எதிர்ப்பக்கம், 60 சென்டிமீட்டர் தள்ளி 1.5 மீட்டர் நீள அலுமினியக் குழாய் ஒன்றை அதே போக்கில் கட்டுங்கள். அதற்கு ஒயர் எதுவும் சேர்க்க வேண்டாம். கண்ணாடி மாதிரி அலையைத் திருப்பி அனுப்பும்; கிடைப்பது ஏறக்குறைய இரட்டிக்கும். பல வீட்டு மாடிகளில் தூர்தர்ஷன் காலத்து ஏரியல் இன்னும் துருவேறி நிற்கிறது. அந்தக் குழாய்களை அறுத்து எடுத்துக்கொள்ளலாம். அந்த ஏரியலை அப்படியே ரேடியோவுக்கு மாட்டினால் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம்; அது வேறு அலைக்கு அளவெடுத்துச் செய்தது.

மலைப்பக்கத்துக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. ஆனைகட்டி, வால்பாறை மாதிரி இடங்களில் மலையே குறுக்கே நிற்கும்போது உயரம் மட்டும் கைகொடுக்காது. நிலையத்தின் பக்கம் திருப்புவதை விட்டுவிட்டு, எதிரில், நிலையத்தை நோக்கியிருக்கிற மலைச்சரிவைப் பார்த்து ஏரியலைத் திருப்பிப் பாருங்கள். அலை அதில் பட்டுத் திரும்பி வரும். சில வீடுகளில் நேர்த் திசையைவிட இதுவே நன்றாக இருக்கும்.

பேச்சில் "ச", "ஸ" எழுத்துகள் கிழிகின்றன

இரைச்சல் இல்லை, சத்தமும் குறைவில்லை. ஆனால் செய்தி வாசிப்பவர் தகரத்தைச் சுரண்டுகிற மாதிரிப் பேசுகிறார். அலை போதாததால் வருவதில்லை இது. நேராக வரும் அலையும், குன்றிலோ பெரிய கட்டடத்திலோ பட்டுச் சற்றுத் தாமதமாக வரும் அலையும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. சென்னிமலை அடிவாரத்தில் நண்பன் வீட்டில் இப்படித்தான். அவன் அலையைப் பெருக்கும் பூஸ்டர் வாங்கி வைத்திருந்தான். கிழிசலும் சேர்ந்து பலமாகக் கேட்டது. பூஸ்டரைக் கழற்றிவிட்டு, போன தலைப்பில் சொன்ன அலுமினியக் குழாயை ஏரியலுக்குப் பின்னால் கட்டி, மலைப்பக்கம் முதுகு காட்டித் திருப்பினோம். சத்தம் கொஞ்சம் குறைந்தது, பேச்சு சுத்தமானது. இங்கே திசைதான் மருந்து. ஏரியலை ஒரு முழம் நகர்த்தினாலும் சில நேரம் தெளிந்துவிடும்.

பீளமேடு பக்கம் இருப்பவர்கள், விமானம் போகும்போது மட்டும் சத்தம் அலை அலையாக ஏறி இறங்குவதைக் கேட்டிருக்கலாம். விமானத்தின் உடம்பில் பட்டு வரும் அலைதான் காரணம். அது போனதும் சரியாகிவிடும், ஒன்றும் செய்ய வேண்டியதில்லை.

கரகரப்பு, டிக் டிக், மிக்ஸி போட்டால் ரேடியோ போகிறது

இதில் துப்பறியும் வேலை கொஞ்சம் இருக்கிறது. ரேடியோவைப் பேட்டரியில் பாடவிட்டு, வீட்டின் மெயின் சுவிட்சை இறக்குங்கள். இரைச்சல் நின்றால் எதிரி வீட்டுக்குள். சுவிட்சைப் போட்டுவிட்டு ஒவ்வொரு பல்பாக, சார்ஜராக அணைத்து அணைத்துப் பாருங்கள். இப்போது அதிகம் மாட்டுவது மலிவான எல்ஈடி பல்பும் செல்போன் சார்ஜரும்தான். ரேடியோவை பல்புக்கு ஓரடி தூரத்தில் கொண்டுபோனால் இரைச்சல் பொங்கி வரும், சந்தேகமே வேண்டாம். பல்பை மாற்றுங்கள், அல்லது ஏரியலை வீட்டு வயரிங்கை விட்டுத் தள்ளி வையுங்கள். ஏரியல் வெளியில் இருந்தால் பாதி இரைச்சல் தானாகவே விலகும். மிக்ஸி, டிரில்லிங் மிஷின் போன்ற கார்பன் பிரஷ் மோட்டார்களில் தீப்பொறி வருவதால் இரையும். ஓடும் நேரம் மட்டும்தான். கிணற்று மோட்டார் ஓடுவதால் பெரும்பாலும் தொல்லை இல்லை. ஸ்டார்ட்டர் விழும்போது ஒரு டக் கேட்கும்.

மெயினை இறக்கியும் நிற்கவில்லை என்றால் வெளியே தேடுங்கள். நொடிக்கு ஒன்று என்ற கணக்கில் சீராக டிக், டிக் என்று அடித்தால் அது சோலார் மின்வேலி. காட்டுப்பன்றிக்காகப் போட்ட வேலியில் ஏதோ ஒரு செடி கம்பியைத் தொட்டுக்கொண்டிருக்கும், அல்லது இன்சுலேட்டர் விரிசல் விட்டிருக்கும். வேலியை அணைத்துவிட்டுச் செடியை வெட்டினால் ரேடியோவும் தெளியும், வேலியும் ஒழுங்காக வேலை செய்யும். வெயில் காலத்தில் நாள் முழுக்கக் கொரகொரவென்று இரைந்து, ஒரு மழை பெய்ததும் நின்றுபோனால் மின்கம்பத்தில் இணைப்பு தளர்ந்து பொறி அடிக்கிறது. ரேடியோவைக் கையில் பிடித்தபடி ரோட்டிலிருந்தே நடந்து பார்த்து, எந்தக் கம்பத்துக்குக் கீழே இரைச்சல் உச்சம் என்று குறித்து, கம்ப எண்ணோடு மின்வாரியத்துக்கு எழுதுங்கள். கம்பத்தைத் தட்டிப் பார்ப்பது, ஆட்டிப் பார்ப்பது வேண்டவே வேண்டாம்.

ஒரே நிலையம் நாலு இடத்தில் வருகிறது

கோவை நகருக்குள் இருப்பவர்களுக்கு இது வரும். கோபுரம் பக்கத்தில் இருப்பதால் அலை மிதமிஞ்சி வந்து பெட்டியைத் திணறடிக்கிறது. பெரிய ஏரியல் வைக்க வைக்க மோசமாகும். ஏரியலை மடக்குங்கள், பூஸ்டர் இருந்தால் கழற்றுங்கள். வெளி ஏரியலை மாட்டியிருந்தால் கிளிப்பை எடுத்துவிட்டு, உறை உரிக்காத ஒயரை ஏரியல் கம்பியைச் சுற்றி இரண்டு மூன்று சுற்று மட்டும் விடுங்கள். தொடாமலே போதிய அளவு ஏறும்.

பூஸ்டரைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். இல்லாத அலையை அது உண்டாக்காது. ஏரியலுக்கு வந்து சேர்ந்ததை, இரைச்சலோடு சேர்த்துப் பெருக்கும். கேபிள் ரொம்ப நீளம், அல்லது ஒரே ஏரியலை நாலு அறைக்குப் பிரிக்கிறீர்கள் என்றால் மட்டும் அதற்கு வேலை இருக்கிறது. அப்போதும் கீழே ரேடியோ பக்கத்தில் இல்லாமல், மேலே ஏரியலை ஒட்டி வைக்க வேண்டும்.

விடியற்காலையில் வேறு நிலையம் குறுக்கே வருகிறது

மார்கழி, தை மாதங்களில் பனி இறங்கி, காற்றே அசையாத விடிகாலையில், தரையோரம் குளிர்ந்த காற்றும் அதற்கு மேல் வெதுவெதுப்பான காற்றும் அடுக்காக நிற்கும். அலை அந்த அடுக்கில் வளைந்து, வழக்கமாக எட்டாத தூரத்துக்கு வந்துவிடும். ஒரே எண்ணில் இரண்டு நிலையங்கள் வந்தால் எஃப்எம் பெட்டி பலமானதை மட்டும் பாடும். இரண்டும் சமமானால் மாறி மாறிப் பாடும். பாலக்காட்டுக் கணவாய்ப் பக்கம் இருக்கும் ஊர்களில் மலையாளம் குறுக்கிடுவது அதிகம். வெயில் ஏறினால் போய்விடும். தினமும் தொல்லை என்றால் முகம் உள்ள ஏரியல்தான் வழி.

மழை பெய்த பிறகு போய்விட்டது

நேற்றுவரை பாடியது, மழைக்குப் பிறகு மெலிந்துவிட்டது என்றால் கேபிளுக்குள் தண்ணீர். டீயைத் திறந்து, கேபிள் முனையை ஒரு சாண் வெட்டிப் பாருங்கள். வலை கறுத்து, உள்ளே வெள்ளையாகப் பூத்திருந்தால் நல்ல பகுதி வரும்வரை வெட்டிக்கொண்டே போங்கள். மொத்தமும் கறுத்திருந்தால் கேபிளை மாற்றிவிடுங்கள், ஒட்டுப்போட வேண்டாம். திரும்பக் கட்டும்போது கேபிள் சுவரில் நுழைவதற்கு முன் தொங்கலாக ஒரு வளைவு விட்டால் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

செல்போனில் எஃப்எம்

இயர்போன் ஒயர்தான் ஏரியல். அதைச் சுருட்டி வைத்தால் வராது, நீளமாக விடுங்கள். ஒயர் இல்லாத இயர்பட் மாட்டினால் ஏரியலே கிடையாது. ஸ்பீக்கரில் கேட்க வேண்டும் என்றாலும் ஒரு பழைய ஒயர் இயர்போனைச் செருகி வைத்துக்கொள்ளுங்கள்.

கூரை மேல் ஏறும் முன்

மின்கம்பி பக்கத்தில் ஏரியல் கழி கூடவே கூடாது. கழியின் முழு நீளமும் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் கம்பியைத் தொடாத தூரம் வேண்டும். தோட்டத்துக்கு வரும் மின்கம்பி தாழ்வாகத் தொங்கும் இடங்களில் இன்னும் இரட்டிப்பு தூரம் விடுங்கள். ஈரக் கழியும் மின்சாரம் பாய்ச்சும், இரும்புக் குழாயைச் சொல்லவே வேண்டாம். தனியாக ஏறாதீர்கள், கீழே ஒருவர் கழியைப் பிடித்துக்கொள்ளட்டும்.

இரும்புக் குழாயில் கட்டினால் அதிலிருந்து தடித்த ஜிஐ கம்பியை இறக்கி எர்த் குழியில் சேர்க்க வேண்டும். அப்படிச் சேர்த்தாலும் நேரடி இடியைத் தாங்கும் என்று நம்பிவிடக் கூடாது. சித்திரை, வைகாசியில் மேக்கால கறுத்து வரும்போதே கேபிளை ரேடியோவிலிருந்து கழற்றி, முனையை ஜன்னலுக்கு வெளியே போட்டுவிடுங்கள். முதல் இடி கேட்ட பிறகு கழற்றப் போகாதீர்கள். அப்போது அந்த ஒயரைத் தொடவே வேண்டாம். அமுச்சி இப்போது மழை வாடை அடித்ததும் கிளிப்பைக் கழற்றி வெளியே விட்டுவிட்டு, மடக்கி வைத்திருக்கும் சின்ன ஏரியலை நீட்டிக்கொள்கிறார். திருகாணி இறுகியிருப்பதால் அதிலேயே கோடை கேட்கிறது.